வாசல் விளக்கு: மழைக்கு முன் ஒரு வேலை

கேள்வி: நாங்கள் சோழவரம் ஏரியை ஒட்டிய கிராமம். ஒன்றரை ஏக்கர் கழனி, இரண்டு மாடு. வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகிறார். இரண்டாவது ஷிப்ட் என்றால் வீடு வந்து சேர இரவு பன்னிரண்டு தாண்டிவிடும். கழிவறை வீட்டுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி இருக்கிறது. போன மாதம் இரவில் அங்கே போன என் மாமியார் ஒரு கட்டுவிரியனை மிதிக்கப் பார்த்தார். நாய் குரைத்ததால் தப்பித்தார். அதனால் வீட்டு வெளிச்சுவரில் விளக்குப் போட நினைக்கிறோம். பெரிய போகஸ் லைட் ஒன்று போட்டால் சுற்றிலும் பகல் மாதிரி இருக்கும், மோட்டார் கொட்டகையிலிருந்து வயர் இழுத்தால் பில்லும் வராது என்கிறார் வீட்டுக்காரர். அப்படிச் செய்யலாமா? எங்கள் வீட்டில் மழை பெய்தால் மெயின் பெட்டியில் ஒரு ஸ்விட்ச் தானாக விழுந்துகொண்டே இருந்தது. லைன் போட்ட தம்பி அதைக் கழற்றி நேராகக் கொடுத்துவிட்டார், இப்போது தொந்தரவு இல்லை. இதையெல்லாம் விவசாயப் பத்திரிகையில் கேட்கலாமா என்றும் தெரியவில்லை.

- ஒரு வாசகி, சோழவரம் ஒன்றியம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம் அம்மா. கழனிக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு வாசல் விளக்கும் விவசாயச் சங்கதிதான். ஆனால் நான் வேளாண்மை படித்தவன், மின்சாரம் படித்தவன் இல்லை. அதனால் மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். கீழே வருகிற மின்சார விஷயங்கள் அவர் பார்த்துச் சரி சொன்னவை. பூச்சி, பாம்பு, பயிர் பற்றியவை என் பொறுப்பு.

விளக்கைப் பற்றி நீங்கள் கேட்டதைவிட, போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி விஷயம்தான் எங்கள் இருவரையும் தூக்கிவாரிப் போட்டது. தம்பி கழற்றிவிட்டுப் போனது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். இந்த இதழ் கைக்கு வந்த அன்றே உரிமம் உள்ள ஒயர்மேன் ஒருவரை அழைத்து அதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். விளக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். இது பொறுக்காது.

அது என்ன செய்கிறது என்பது கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும். மடையில் திறந்துவிட்ட தண்ணீர் அத்தனையும் கடைசி வயலுக்கு வந்து சேரவில்லை என்றால் என்ன செய்வோம்? நடுவில் எங்கோ நண்டு வளை இருக்கிறது என்று வரப்போடு நடந்து தேடுவோம். ஆர்.சி.சி.பி.யும் அதையேதான் பார்க்கிறது. பேஸ் வயரில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கிறது. குறைந்தால், அது ஈரச் சுவர் வழியாகவோ, இரும்புத் தூண் வழியாகவோ, ஒரு மனித உடல் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். வீட்டுக்குப் போடுகிற கருவி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்று எரிய ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் தேவை. அந்தச் சின்ன பல்பு எரிகிற அளவைவிடக் குறைந்த கசிவுக்கே அது விழித்துக்கொள்கிறது.

‘எங்கள் வீட்டில்தான் எம்.சி.பி. இருக்கிறதே’ என்று பலர் சொல்கிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுவதற்கு. 6 ஆம்பியர் எம்.சி.பி. 6 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். ஆள் உடம்பில் பாய்ந்து உயிரை எடுப்பதற்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். எம்.சி.பி. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. 2015 மழையின்போது எங்கள் வீட்டில் நடந்தது. மாட்டுக் கொட்டகையின் இரும்புத் தூணில் ஒரு விளக்கு மாட்டியிருந்தோம். இரும்பு உடம்பு கொண்ட பழைய மாதிரி விளக்கு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் இல்லாததால் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. எர்த்து கொடுக்கவில்லை. ஆர்.சி.சி.பி.யும் வீட்டில் கிடையாது. அப்போது அது எனக்குத் தேவையில்லாத செலவாகத் தெரிந்தது. விடியற்காலை பால் கறக்கப் போன என் மனைவி, தூணில் கட்டியிருந்த பசு கால் நீட்டிக் கிடப்பதைப் பார்த்து, கயிற்றை அவிழ்க்கக் கை நீட்டியிருக்கிறாள். அதற்குள் என் அம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டு நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது. நல்ல மாடு இப்படித் திடீரென்று விழாது என்று மட்டும் தெரியும். மெயினை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தோம். எட்டு மாதச் சினை.

மாடுகளுக்கு இந்த ஆபத்து நம்மைவிட அதிகம். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே இடைவெளி கூடுதல், காலில் செருப்பும் இல்லை. ஈரத் தரையில் கசிகிற மின்சாரம் ஒரு காலில் ஏறி உடல் வழியாக இன்னொரு காலில் இறங்கிவிடும். கொட்டகையில் மாடு திடீரென்று மிரண்டாலோ, ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, முதலில் மெயினை நிறுத்துங்கள். மாட்டு வைத்தியரை அப்புறம் கூப்பிடலாம்.

இப்போது உங்கள் வீட்டில் மழைக்கு மட்டும் ஏன் விழுந்தது என்பதற்கு வருவோம். கருவி பழுதாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அப்படி இல்லை. வெளிச்சுவரில் ஏற்கெனவே இருக்கிற பிளக் பாயின்ட்டிலோ, பழைய விளக்கிலோ, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மோட்டார் வயரிலோ ஈரம் இறங்கியிருக்கும். ஒயர்மேன் எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுவார். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வருவார். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பாதையில்தான் நண்டு வளை இருக்கிறது. அரை மணி நேர வேலை.

இன்னொரு காரணமும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நிறையப் பார்க்கிறேன். கழிவறைக்கோ கொட்டகைக்கோ இரண்டு வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, ஒரு வயரை மட்டும் இழுத்து, நியூட்ரலுக்குப் பதில் அங்கேயே ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து எர்த்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பல்பு எரியும். ஆனால் அந்த மின்சாரம் வீட்டு நியூட்ரலில் திரும்பி வராததால் ஆர்.சி.சி.பி. விழும். விழத்தான் வேண்டும். அந்தக் கம்பி எப்போதாவது மண்ணோடு தொடர்பு விட்டுப்போனால், அதைத் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் மண்ணுக்குப் போகும். உங்கள் வீட்டில் அப்படி எங்காவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு அந்தக் கருவியில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். உடனே ஸ்விட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் கருவி செத்துவிட்டது, மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் கிருத்திகை தோறும் என் மனைவி அழுத்திப் பார்க்கிறாள். விரதத்தோடு சேர்ந்த வேலை என்பதால் மறப்பதில்லை.

அடுத்தது மோட்டார் கொட்டகை. வீட்டுக்காரர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேண்டாம். விவசாயத்துக்கு 1990 முதல் நம் மாநிலத்தில் மின்சாரம் இலவசம். அது பம்ப்செட்டுக்குக் கொடுத்தது. கொட்டகைக்குள் ஒரு சின்ன விளக்கு எரிக்கலாம், அதை வீட்டுக்கு இழுப்பது விதிமீறல். பிடிபட்டால் அபராதம் மட்டும் இல்லை, இணைப்பே சிக்கலாகும். சட்டத்தை விடுங்கள், ஆபத்தைப் பாருங்கள். மோட்டார் கொட்டகைக்கு வருவது மூன்று பேஸ். பழக்கமில்லாத கை இரண்டு பேஸுக்கு நடுவில் விளக்கைக் கொடுத்துவிட்டால் 230 வோல்ட்டுக்குப் பதில் 415 வோல்ட் பாயும். விளக்கு வெடித்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்த வயர் உங்கள் கழிவறைச் சுவரில் அல்லவா ஓடுகிறது! முக்கியமாக, உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு அந்த வயரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அங்கே கசிந்தால் காப்பாற்ற ஆளில்லை.

மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 வாட் விளக்கு இரவில் பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஐந்தரை யூனிட் வரும். மூன்று விளக்கு என்றால் பதினாறு யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை 2016இல் இலவசமாக்கினார்கள். உங்கள் வீட்டுச் செலவு எவ்வளவு என்று அட்டையைப் பாருங்கள். இந்தப் பதினாறு யூனிட்டுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அதே இடத்தில் வீட்டுக்காரர் சொல்கிற 50 வாட் போகஸ் லைட்டைப் போட்டால், அது ஒன்றே முப்பது யூனிட் சாப்பிடும்.

போகஸ் லைட்டை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் யூனிட் இல்லை. உங்கள் பிரச்சினை பாம்பு. பாம்புக்கு வெளிச்சம் பிடிக்காது, பகல் மாதிரி வெளிச்சம் போட்டால் ஓடிவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. வெள்ளை வெளேரென்ற வெளிச்சத்தில் நீல நிறம் அதிகம். பூச்சிகள் அதைத் தேடித்தான் வருகின்றன. பூச்சிக்குத் தவளையும் பல்லியும் வரும். அவற்றைத் தேடி யார் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடும். வெளிச்சத்தின் ஓரத்தில், இருட்டும் வெளிச்சமும் சேர்கிற இடத்தில் கிடக்கும். மிதமான மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். பெட்டியின் மேல் ‘வார்ம் ஒயிட்’ என்றோ 2700 அல்லது 3000 என்றோ போட்டிருக்கும். 6500 என்று போட்டிருந்தால் அது வெள்ளை வெளிச்சம். கடைக்காரர் ‘இதுதான் பளிச்சென்று இருக்கும்’ என்று அதைத்தான் கையில் கொடுப்பார். செங்குன்றத்தில் பெரிய கடைகளில் கேட்டால் மஞ்சளும் கிடைக்கிறது.

அந்தக் காலத்து ஆட்கள் அரிக்கேன் விளக்கை முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டுதான் நடப்பார்கள். என் தாத்தா அதை முகத்துக்கு நேரே தூக்கியதை நான் பார்த்ததே இல்லை. காலடி தெரிந்தால் போதும். நம் வெளி விளக்கும் அப்படித்தான் கீழே பார்த்து விழ வேண்டும். மூன்று சின்ன விளக்குகள் போதும்: முன்வாசலுக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, கழிவறைப் பாதைக்கு ஒன்று.

இந்த மூன்றாவது விளக்கில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். அதை வீட்டின் பின்சுவரில் மாட்டுகிறோம். இரவில் மாமியார் கதவைத் திறந்து கழிவறைப் பக்கம் நடக்கும்போது விளக்கு அவருக்கு முதுகுப் பக்கம் இருக்கும். அவர் நிழலே அவருக்கு முன்னால் நீளமாக விழும். கால் வைக்கிற இடம்தான் இருட்டாக இருக்கும்! அதனால் விளக்கைக் கழிவறைச் சுவரில் வீட்டைப் பார்த்தபடி மாட்டுங்கள். கண்ணில் குத்தாமல் மேலே ஒரு மூடி வைத்து வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். ஸ்விட்ச் மட்டும் வீட்டுக்குள், மாமியார் படுக்கிற இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இருட்டில் நடந்துபோய் விளக்குப் போடுவதற்கு விளக்கே வேண்டாம். விளக்கு இருந்தாலும் டார்ச்சும் கையில் இருக்கட்டும், மின்வெட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

முப்பது அடிக்கு வயர் எப்படிக் கொண்டுபோவது? கொடிக்கம்பியில் சுற்றிக் கொண்டுபோக வேண்டாம். மழைக்காலத்தில் ஈரத் துணி காயப்போடப் போய் இறந்தவர்கள் பற்றிய செய்தி ஒவ்வொரு வருடமும் வருகிறது. முருங்கை மரத்திலும் கட்ட வேண்டாம், முருங்கைக் கிளை எப்போது ஒடியும் என்று யாருக்கும் தெரியாது. மண்ணுக்குள் இரண்டடி ஆழத்தில் கெட்டியான குழாய்க்குள் கொண்டுபோவது நல்லது. குழாய்க்கு மேல் ஒரு வரிசை செங்கல் அடுக்கி மூடினால், நாளை யாராவது அங்கே மண்வெட்டி போட்டாலும் செங்கல்லில் இடித்து நின்றுவிடும். மண்ணுக்குள் வயரில் ஒட்டு இருக்கவே கூடாது. ஏரி ஓரத்து நிலம், ஐப்பசியில் ஓரடி தோண்டினாலே தண்ணீர் வரும் இடம் அல்லவா?

மாட்டுகிற வேலையை ஒயர்மேன் செய்யட்டும், ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று சில விஷயங்களைப் பாருங்கள். வேலை தொடங்கும் முன் மெயினை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். மெயின் நின்ற பிறகும் இன்வெர்ட்டரிலிருந்து வரும் லைனில் உயிர் இருக்கும், பழக்கப்பட்டவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஈ.பி. வயர் பக்கம் இரும்பு ஏணியோ அலுமினிய ஏணியோ போக வேண்டாம்.

விளக்கை எட்டடி உயரத்துக்கு மேல், சன்ஷேடுக்கோ கூரை நீட்சிக்கோ அடியில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாது, நேரடி மழையும் படாது. திறந்த சுவரில் வைத்தே ஆக வேண்டுமென்றால் பெட்டியில் ‘ஐ.பி. 65’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தூசி புகாது, பீச்சி அடிக்கிற தண்ணீரும் புகாது என்பதற்கான குறி அது. ஆனால் அந்தக் குறி விளக்குக்குத்தான், வயர் நுழைகிற ஓட்டைக்கு இல்லை. ஓட்டையை நாம்தான் அடைக்க வேண்டும்.

சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும். உள்பக்கம் தாழ்ந்தால் மழைத் தண்ணீர் வயரோடு நடந்து ஸ்விட்ச் பெட்டிக்கே வந்துவிடும். வயர் விளக்குக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். கயிற்றில் வழிகிற தண்ணீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடுவது மாதிரி, இங்கேயும் சொட்டிவிடும். விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் சிலிகான் பூசும்போது மேற்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் பூசினால் போதும். கீழ்ப்பக்கத்தை அடைக்கச் சொல்லாதீர்கள். எப்படியும் கொஞ்சம் ஈரம் உள்ளே போகும், அது வெளியேற வழி வேண்டும். பானையை வாய் மூடிக் கவிழ்த்தால் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும் இல்லையா?

இரும்பு உடம்பு விளக்கு என்றால் பச்சை நிற எர்த்து வயரும் சேர்த்து மூன்று வயர் கட்டாயம். பிளாஸ்டிக் உடம்பு விளக்கே நம் வீடுகளுக்கு நல்லது. ஸ்விட்ச் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டால் விளக்கு அணைந்திருக்கும், ஆனால் அதில் உயிர் இருக்கும். பல்பு மாற்றப் போகிறவர் அணைந்துவிட்டதே என்று கை வைப்பார். தகரச் சுவர், தகரக் கூரை உள்ள கொட்டகையில் வயர் எங்கும் தகரத்தைத் தொடாமல் பி.வி.சி. குழாய்க்குள் ஓட வேண்டும். எலிக்கும் அந்தக் குழாய்தான் மருந்து. எர்த்துக் குழியில் வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்துவிட்டால் எர்த்து இருந்தும் இல்லாத மாதிரிதான்.

செலவு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூன்று விளக்கு, வயர், குழாய், கூலி எல்லாவற்றையும் எழுதிக் கணக்குப் பார்க்கும்போது ஆர்.சி.சி.பி.யைத்தான் எல்லோரும் முதலில் அடிப்பார்கள். நல்ல கம்பெனிக் கருவி இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின் வரும். பணம் போதவில்லை என்றால் ஒரு விளக்கைக் குறையுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே கருவி இருக்கிறது, மாட்டுகிற கூலி மட்டும்தான்.

சோலார் விளக்கு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வயர் இல்லாததால் ஆபத்துக் குறைவு, கழிவறைப் பாதைக்குப் பரவாயில்லை. ஆனால் நமக்கு விளக்கு அதிகம் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகையில். சூரியன் நான்கு நாள் முகம் காட்டாத மாதங்கள் அவை. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வீட்டுக்காரர் ஜி.என்.டி. சாலையில் இறங்கி ஊருக்குள் நடந்து வருகிற பாதைக்கு உங்கள் வீட்டு விளக்கு எட்டாது, எட்டவும் வேண்டாம். தெரு விளக்கு ஊராட்சியின் கடமை. அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்று கம்ப எண்ணோடு எழுதி மனு கொடுங்கள். அன்று முடியவில்லை என்றால் நவம்பர் 1 அன்றும் கிராம சபை உண்டு. ஷிப்ட் வேலைக்குப் போகிற பெண்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கம்பத்தில் வயர் தொங்கினாலோ அறுந்து கிடந்தாலோ தொடாமல் மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.

பாம்பு பற்றி இரண்டே வார்த்தை. விளக்கு பாம்பைக் காட்டும், விரட்டாது. வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கிய விறகையும் செங்கல்லையும் பத்தடி தள்ளி வையுங்கள், எலி வளைகளை அடையுங்கள். கட்டுவிரியன் தரையில் படுத்தவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கும், கடி வலிக்கவே வலிக்காது. மாமியாருக்கு ஒரு கட்டிலும் கொசுவலையும் போட்டுக் கொடுங்கள், வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிவிடுங்கள். காலையில் எழும்போது காரணமில்லாமல் வயிறு வலித்தாலோ, கண் இமை தானாக இறங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ கடித்த தடம் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: என் கழனிக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டியவர் மாடியில் பெரிய விளக்குப் போட்டிருக்கிறார். போன சம்பாவில் அந்த வெளிச்சம் விழுந்த ஒரு மூலையில் மட்டும் கதிர் வர இரண்டு வாரம் தாமதமானது. நான் போட்டது பழைய நாட்டு ரகம். விளக்கால்தான் என்று சொன்னால் அவர் சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

- ஒரு விவசாயி, பொன்னேரி வட்டம்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. பழைய சம்பா ரகங்களில் பல, இரவு நீளமாவதைப் பார்த்துத்தான் கதிர் விடும். நடுஇரவில் வெளிச்சம் பட்டால் பயிருக்கு இரவு குறுகியதாகத் தெரியும். பருவம் இன்னும் வரவில்லை என்று பச்சையாகவே நிற்கும். தெரு விளக்கடியில் நெல் பின்தங்குவதை ஜப்பானிலும் கொரியாவிலும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சாமந்தியும் இதே சாதி. பூ எப்போது வர வேண்டும் என்பதைத் தள்ளிப்போட, ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் பூ வளர்ப்பவர்கள் இரவில் வேண்டுமென்றே பல்பு எரிக்கிறார்கள். ஏ.டி.டி. 37, ஏ.டி.டி. 43, கோ 51 போன்ற குறுகிய கால ரகங்கள் இரவின் நீளத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பக்கத்துக் கழனிக்காரர்களுக்கு ஒன்றும் ஆகாமல் உங்களுக்கு மட்டும் ஆனதற்கு ரகம்தான் காரணமாக இருக்கும்.

தாமதம் மட்டும் இல்லை. தண்டு துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியும் புகையானும் வெளிச்சத்தைத் தேடி வருகிறவை. நாம் விளக்குப் பொறி வைப்பதே அதனால்தான். எக்டேருக்கு ஒன்று, மாலை 6 மணி முதல் 10 மணி வரை, கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு. தட்டு இல்லாத விளக்குப் பொறி எப்படி இருக்குமோ அப்படித்தான் உங்கள் பக்கத்து வீட்டு மாடி விளக்கு. பூச்சியை அழைத்து வருகிறது, கொல்வதில்லை. வந்தது பக்கத்துக் கழனியில் இறங்கி முட்டையிடும்.

ஆனால் சண்டைக்குப் போகாதீர்கள். புதிதாக வீடு கட்டியவர், கழனிக்கு நடுவே இருட்டில் பயமாக இருந்திருக்கும், அதனால்தான் போட்டிருப்பார். ஒரு நாள் காலையில் அவரைக் கூப்பிட்டு அந்த விளக்கடியில் விழுந்து கிடக்கிற பூச்சிகளைக் கூட்டிக் காட்டுங்கள். சாயந்திரம் அவர் வீட்டுச் சோற்றில் விழுவதும் அதே பூச்சிதான். பிறகு விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, உங்கள் கழனிப் பக்கம் மட்டும் ஒரு சாண் அகலத் தகரம் வைத்து மறைக்கக் கேளுங்கள். பழைய எண்ணெய் டின்னை வெட்டினால் போதும். தகரம் வயரைத் தொடாத மாதிரி மாட்ட வேண்டும், அதையும் மெயினை நிறுத்திவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். ஏணி வைக்கிற வேலையை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். நாட்டுச் சம்பாவுக்கும் கதிர் உருவாகிற காலம் அதற்குப் பிறகுதான் வருகிறது, இந்த வருடப் பயிருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.